நிலாவுக்கு ஸ்விட்ச் இல்லை

கிட்ட வாங்க, கண்ணுகளா. குளிர் அடிக்கிறது, இழுத்துப் போர்த்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கேரளத்து மலையில், வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு பாட்டுப் பெட்டியோடு மூன்று நாள் மல்லுக்கட்டிய மனிதரின் கதை சொல்கிறேன். சிரிக்கிற கதைதான். உங்கள் சிரிப்பு எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"நிறுத்துடி!" என்று மத்தியாஸ் மூன்றாவது தடவையாகக் கத்தினார்.

மனைவியைப் பார்த்து இல்லை. மனைவி படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில், உரித்த தேங்காய் அளவுக்கு உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்து.

மாதா பாட்டு இரண்டாம் சரணத்தில் நின்றது. மத்தியாஸின் மீசை நிமிர்ந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிற தமிழில் சொன்னது:

"மன்னிக்கவும். உங்கள் குரல் இந்த வீட்டில் பதிவாகவில்லை."

சொல்லிவிட்டு மூன்றாம் சரணத்தை ஆரம்பித்தது.

இந்த வீட்டிலாம்! ஒவ்வொரு கல்லாக அவர் கட்டிய வீடு. முப்பத்திரண்டு வருஷம் ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். அவர் விசில் ஊதினால் மலைச்சரிவில் காய் பறிக்கிற அறுபது பெண்களும் நிமிர்வார்கள். இன்னொரு தடவை ஊதினால் குனிவார்கள். அந்த மனிதரின் குரல் பதிவாகவில்லையாம்.

அடுக்களையிலிருந்து குருவம்மாள் எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி. ஒரு காலத்தில் அந்த அறுபதில் ஒருத்தி.

"அண்ணாச்சி, அது உங்களைத் தெரியாதுங்குது."

"எனக்கும் காது இருக்கு."

"மலை முழுக்கத் தெரிஞ்ச குரலு. பாவம், அது ஊருக்குப் புதுசு" என்று சொல்லி, சிரிப்பைச் சேலை முந்தியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டிலில் படுத்திருந்தவள் செபஸ்தியம்மாள், அவர் மனைவி. அவள் படுத்து மூன்று மாதம் ஆகிறது. மழையில் ஏலச்சரிவில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உடம்பு துடைக்கவும் கஞ்சி ஊட்டவும் குருவம்மாள் வருவாள். மற்ற நேரத்துக்குத் துணையாக ஒரு சின்ன ரேடியோ இருந்தது. ஆனால் மத்தியாஸுக்கு ஒரு பழக்கம்: அறையை விட்டு வெளியே வந்தால் கை தானாகச் சுவருக்குப் போகும். ரேடியோவை நிறுத்துவார். விளக்கை அணைப்பார்.

"ஆளில்லாத ரூமுல என்னத்துக்குப் பாட்டும் வெளிச்சமும்?" என்பார்.

"நான் ஆளில்லையா?" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வரும்.

அதற்குள் அவர் முற்றத்துக்குப் போயிருப்பார்.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் ஒருநாள் டவுனில் கடை வைத்திருக்கும் பிஜு, ஸ்கூட்டரில் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தான். சொன்னதைக் கேட்டுப் பாடுகிற பெட்டி, பெயர் நிலா. "நிலா, பாடு" என்றால் பாடும். "நிலா, போதும்" என்றால் நிற்கும்.

யார் அனுப்பியது என்று மத்தியாஸ் கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது? மஸ்கட்டில் இருக்கிற மகன் ஜிஜோதான். அன்று சாயங்காலத்துக்குள் முடிவெட்டுகிற கடையிலும் கோயில் முற்றத்திலும் சொல்லியாகிவிட்டது. "அம்மா படுத்துட்டான்னு பையனுக்கு மனசு கேக்கல. அங்கேயிருந்து ஏற்பாடு பண்ணிட்டான்." மகனுக்கு நன்றி சொல்ல நான்கு தடவை போன் அடித்தார். நான்கு தடவையும் 'மீட்டிங், அப்புறம் கூப்பிடுறேன்' என்று செய்தி வந்தது. அதையும் பெருமையாகவே காட்டினார். "பாத்தியா, எப்பவும் மீட்டிங்கு. பெரிய வேலை."

பிஜு அன்று செபஸ்தியம்மாளை நான்கு வாக்கியம் பேசச் சொல்லி, அவள் குரலைப் பெட்டிக்குப் பழக்கினான். பிறகு திரும்பி, "சேட்டா, நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க. உங்க குரலையும் ஏத்திடலாம்" என்றான்.

"எனக்கெதுக்குடா அந்தக் கூத்து? எனக்கு நிறுத்தணும்னா கையால அமுக்கிக்கிடுவேன்."

பிஜு வாயைத் திறந்தான். செபஸ்தியம்மாளைப் பார்த்தான். மூடிக்கொண்டான். பால் ஊற்றாத கட்டன்சாயா குடித்துவிட்டுப் போய்விட்டான்.

பிறகுதான் மத்தியாஸ் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒரு ரப்பர். பின்னால் ஒரு ஒயர். மேலே நான்கு புள்ளிகள். ஒன்றைத் தொட்டால் சத்தம் கூடியது. இன்னொன்றைத் தொட்டாலும் சத்தம் கூடியது. பொத்தான் மாதிரி இருந்த எதுவும் பொத்தான் இல்லை. அப்போது அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. புதன்கிழமை பங்குக் கோயில் சாமியார் சொல்லியனுப்பும்வரை.

இந்த மாதத்து அன்பியக் கூட்டம் மத்தியாஸ் வீட்டில், சனிக்கிழமை மூன்று மணிக்கு. அன்பியம் என்றால் அந்தச் சரிவில் இருக்கிற பதினைந்து குடும்பங்களும் மாதம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்லுவது. இந்தத் தடவை அதோடு இன்னொன்றும் உண்டு. செபம் முடிந்ததும் புதுக் கைக்காரர் யார் என்று சாமியார் அறிவிப்பார். கோயில் சாவி கைக்காரரிடம்தான் இருக்கும். திருவிழாவில் முன்னால் நடப்பதும் அவர்தான். வேலையிலிருந்து நின்று விசிலைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து மத்தியாஸின் கைக்கு ஒரு சாவி வேண்டியிருந்தது. சாமியாரும் ஏறக்குறைய அவர் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறார் என்று பேச்சு.

மத்தியாஸ் நேராகக் கட்டிலருகே போனார்.

"சனிக்கிழமை இது வாயைத் திறக்கக் கூடாது. சொல்லி வை."

"சொல்லுறேன்" என்றாள் செபஸ்தியம்மாள். "அதுக்கு முன்னால ஒரு காரியம். சோனாவை ஒரு தடவை வரச் சொல்லுங்க."



சோனா அவர்களுடைய மகள். ஆறு வருஷத்துக்கு முன்னால், மாட்டுப்பட்டியில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிற ராஜசேகரைக் கட்டிக்கொண்டாள். பையன் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், இல்லை; கல்யாணம் கோயிலில் நடக்கவில்லை. இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று மத்தியாஸ் சொல்லிவிட்டார். மனைவியின் போனை வாங்கி, மகளின் நம்பரைத் தம் விரலால் அழித்தார். அம்மா விழுந்த செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவளை வார்டு வாசலிலேயே திருப்பி அனுப்பினார். வாங்கி வந்த ஆரஞ்சுப் பழத்தை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

"அந்தப் பேரு இந்த வீட்டுல கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

"நான் எந்திரிச்சு நடப்பேனான்னு எனக்கே தெரியல. ஒரு தடவை வந்து என் கையைப் பிடிச்சுட்டுப் போகட்டும். அப்புறம் சனிக்கிழமை என்ன, என்னைக்கு வேணும்னாலும் இதை நிறுத்துறேன்."

"முடியாது."

"அப்ப சரி" என்றாள் அவள். முகத்தில் கோபம்கூட இல்லை. "நிலா, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டும்மா."

அன்றிலிருந்து விடிந்தால் பாட்டு, தூங்கப்போகும்வரை பாட்டு. தோட்டத்தில் பதினோரு நாள் ஸ்ட்ரைக்கை உடைத்தவர் மத்தியாஸ். கட்டிலில் படுத்துக்கொண்டு ஸ்ட்ரைக் செய்கிறவளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அவளிடம் அதட்டாமல் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் கல்யாணமான முப்பத்தாறு வருஷமாகச் சேமித்து வைத்திருந்தார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒயரைப் பிடுங்கினார்.

"மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பேட்டரியில் இயங்குகிறேன். இன்னும் இருபத்தாறு மணி நேரம் இயங்க முடியும்" என்றது நிலா.

மத்தியாஸ் விரல் விட்டு எண்ணினார். வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்குச் செத்துவிடும். எத்தனை பேரைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் பாட்டு மெலிந்தது. பத்தே முக்காலுக்கு இழுத்தது. பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, திடீரென்று தொண்டை திறந்து பாடியது.

உள்ளே ஓடினார். குருவம்மாள் துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

"யாரோ ஒயரைப் புடுங்கிப் போட்டிருக்காக அண்ணாச்சி. நல்லவேளை, கூட்டும்போது பாத்தேன். மாட்டிவிட்டுட்டேன்."

மத்தியாஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவதா நன்றி சொல்வதா என்று அவருக்குப் புரியவில்லை.

மத்தியானம், செபஸ்தியம்மாள் கண்ணயர்ந்திருந்தாள். மத்தியாஸ் சத்தமில்லாமல் பெட்டியை முன்னறைக்குத் தூக்கி வந்து, ஒயரை மாட்டி, கதவைச் சாத்தினார். சுற்றும் முற்றும் பார்த்தார். குரலை ஒடுக்கி, தலையைச் சாய்த்து, மூக்கால் இழுத்து, தம் மனைவியைப்போலவே பேசினார்.

"நிலா... போதும்மா... நிறுத்தேன்..."

பாட்டு நின்றது!

"வணக்கம், செபஸ்தியம்மாள்" என்றது நிலா. "உங்கள் குரல் மிகவும் கரகரப்பாக இருக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை வெந்நீர் குடிக்க நினைவூட்டட்டுமா?"

"வேண்டாம்!" என்றார் மத்தியாஸ், தம் சொந்தக் குரலில்.

"மன்னிக்கவும். உங்கள் குரல் இந்த வீட்டில் பதிவாகவில்லை. செபஸ்தியம்மாளுக்கு நினைவூட்டல் வைக்கப்பட்டது."

பாட்டு மறுபடி ஆரம்பித்தது. இப்போது பாட்டோடு அரை மணிக்கு ஒரு வெந்நீரும் சேர்ந்துகொண்டது.

அப்போது உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. செபஸ்தியம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். தூங்கவே இல்லை போலிருக்கிறது. இடுப்பு வலிக்க வலிக்க, "ஐயோ... மாதாவே..." என்று விட்டு விட்டுச் சிரித்தாள். மூன்று மாதத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்காத சத்தம். மத்தியாஸ் அசையாமல் நின்றார். அவரே அறியாமல் உதட்டோரம் ஒரு கோணல் விழுந்தது. கை உள்ளறைக் கதவுவரைக்கும் போனது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் தள்ளித் திறந்திருப்பார், கண்ணுகளா. திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"அண்ணாச்சி" என்று ஜன்னலுக்கு வெளியே தங்கதுரையின் தலை தெரிந்தது. "இப்ப இங்க பொம்பளைக் குரல்ல பேசுனது யாரு?"

கை திரும்பி வந்துவிட்டது.

தங்கதுரைக்கு வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் சாமான் வைக்கிற இடம் இல்லை. பச்சை ஏலக்காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, கீழே வெளிப்பக்க அடுப்பில் விறகு மூட்டி, குழாயில் வருகிற சூட்டில் காய வைக்கிற அறை. தடித்த சுவர், இடுக்கெல்லாம் சாக்குத் திணித்த கதவு. தீ மூட்டிச் சாத்தினால் காய் காயும்வரை திறக்கக் கூடாது. நடுவில் குளிர்காற்று பட்டால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போன காயை, காய் ஏலம் விடுகிற மையத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சரிவில் இருக்கிற பதினைந்து குடும்பங்களும் தங்கள் காயை இங்கேதான் கொண்டுவருவார்கள்.

சனிக்கிழமை காலையில் மத்தியாஸ் வீட்டுக்கு இணையம் கொடுக்கிற நெட் பெட்டியின் ஒயரையும் பிடுங்கினார். பாட்டு நின்றது. ஒரு நிமிஷம் கிளி கத்துகிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு:

"இணைய இணைப்பு இல்லை. தயவுசெய்து சரிபார்க்கவும்."

இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி. இன்னும் இரண்டு நிமிஷத்தில் மறுபடி. பிடுங்கிய ஒயர் எந்த ஓட்டையில் இருந்ததென்று மத்தியாஸுக்கு மறந்துவிட்டது. நான்கு ஓட்டையிலும் செருகிப் பார்த்தார். பாட்டிலாவது ராகம் இருந்தது.

முற்றத்தில் தங்கதுரையிடம் பொரிந்தார். "மிக்ஸிக்கு ஸ்விட்ச் உண்டு. கிரைண்டருக்கு உண்டு. மருந்தடிக்கிற மோட்டருக்கு உண்டு. வாய் இருக்கிற சாமானுக்கு மட்டும் ஏன்டா வைக்கல?"

"வாய் இருக்கிறதுக்கு எங்க அண்ணாச்சி ஸ்விட்ச் வச்சிருக்கு? எங்க வீட்டுலயும் அப்படித்தான்."

"சும்மா கிட. வீட்டுல இருக்கிற சாமானை வீட்டுக்காரன் நிறுத்த முடியலன்னா அது யாரு சாமான்?"

"ஒரு கல்லை எடுத்துப் போட்டுருவோமா?"

மத்தியாஸ் பதறிப்போனார். "பையன் அனுப்புனதுலே! கீறல் விழக் கூடாது."

பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கலாம். ஆனால் குருவம்மாள் வாய்க்குப் போனால், ஒரு பெட்டியை அடக்க முடியாமல் கங்காணி அடைக்கலம் கேட்டார் என்று மூன்று மணிக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிடும். யோசித்தார். சத்தம் வெளியே வராத இடம் இந்த மலையில் ஒன்றுதான் உண்டு.

"தங்கதுரை, தட்டெல்லாம் நிரப்பியாச்சா?"

"எல்லார் காயும் ஏத்தியாச்சு அண்ணாச்சி."

"தீயை இப்ப மூட்டாத. கூட்டம் முடிஞ்சு ஆறு மணிக்கு மூட்டிக்கிடலாம்."

"சரி" என்று சொல்லிவிட்டுத் தங்கதுரை சாப்பிடப் போனான்.

மத்தியாஸ் பெட்டியைக் கறுப்புக் கம்பளியில் சுற்றினார்.

"எங்க கொண்டு போறீங்க?" என்று கட்டிலிலிருந்து கேட்டாள் செபஸ்தியம்மாள்.

"கொஞ்சம் காத்தாட."

"அதட்டாம என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா நிறுத்தியிருப்பேனே."

"கேக்கிறதுக்கு வேற ஆளைப் பாரு."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் பெட்டியை ஸ்டோருக்குள் மேல்தட்டின் மூலையில் வைத்துக் கதவைச் சாத்தினார். காதை வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. திரும்பி வந்தபோது வீடு அப்படியொரு அமைதியாக இருந்தது. பழக்கதோஷத்தில் அறை விளக்கை அணைத்துவிட்டு, வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார்.

மூன்று மணிக்குப் பதினைந்து குடும்பமும் வந்து சேர்ந்தது. சாமியார் வந்தார். பிஜுவும் வந்தான், அவனும் அந்தச் சரிவுக்காரன்தானே. மெழுகுவத்தி ஏற்றி, செபமாலை தொடங்கியது. மத்தியாஸ் முன்வரிசையில் முழந்தாளிட்டிருந்தார். மாலையின் முதல் பத்து செபம் அமைதியாகப் போனது. இரண்டாம் பத்தும் போனது. மூன்றாம் பத்தில், அடுக்களைக்குப் பின்னாலிருந்து, மண்ணுக்கடியிலிருந்து வருகிற மாதிரி, வழக்கத்தைவிட உரக்க ஒரு பெண் குரல் கேட்டது.

"எச்சரிக்கை... வெப்பம் அதிகமாக இருக்கிறது... தயவுசெய்து என்னை வெளியே எடுங்கள்..."

சாமியார் நிறுத்தினார். "யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கே?"

"அருள் நிறைந்த மரியே!" என்று மத்தியாஸ் அடித்தொண்டையில் ஆரம்பித்தார்.

"எச்சரிக்கை... தாங்கும் அளவை வெப்பம் தாண்டிவிட்டது... என்னை உடனே வெளியே எடுங்கள்..."

குருவம்மாள் எழுந்துவிட்டாள். "ஐயோ சாமி! ஸ்டோருக்குள்ள ஒரு பொம்பளை!"

எல்லோரும் ஒரே சமயத்தில் உள்ளறையைப் பார்த்தார்கள். இருட்டாக இருந்தது. ஒருவர் விளக்கைப் போட்டார். செபஸ்தியம்மாள் கட்டிலில் இருந்தாள், கண்ணைத் திறந்தபடி. அவளைப் பார்த்தபிறகு எல்லோரும் மத்தியாஸைப் பார்த்தார்கள். மனைவி இங்கே இருக்கிறாள். அப்படியானால் அங்கே யார்? முப்பத்திரண்டு வருஷம் அவர் விசிலுக்குக் குனிந்தவர்களின் கண்ணில் அந்தக் கேள்வி இருந்தது. மோசம் என்னவென்றால், யார் கண்ணிலும் ஆச்சரியம் இல்லை.

மத்தியாஸ் தங்கதுரையைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, தீ மூட்டிட்டியா?"

"ஆமா அண்ணாச்சி" என்றான் தங்கதுரை, பாராட்டை எதிர்பார்த்து. "ஆறு மணிக்கு மூட்டினா சாமியார் சாயா குடிக்கிற நேரத்துல புகை அடிக்குமே. அதான் ஒரு மணிக்கே மூட்டி, கங்காக்கிட்டேன். இப்ப ஒரு பொட்டுப் புகை உண்டா பாருங்க."

கூட்டம் பின்வாசலுக்கு ஓடியது. இரண்டு பேர் ஸ்டோர்க் கதவில் கை வைத்தார்கள். அப்போது மத்தியாஸின் வாயிலிருந்து, அவர் யோசிக்கும் முன்னாலேயே வந்துவிட்டது:

"திறக்காதீக! காய் நிறம் போயிரும்!"

சாமியார் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை, கண்ணுகளா. அவரே முன்னால் வந்து, இரண்டு கையாலும் தாழ்ப்பாளை இழுத்தார்.

வெள்ளை ஆவி குபீரென்று வெளியே வந்தது. தங்கதுரை முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய், ஒரு கறுப்பு மூட்டையோடு வந்தான். குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கம்பளியைப் பிரித்தான்.

"நன்றி" என்றது நிலா. "வெந்நீர் குடிக்கும் நேரம்."

ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சிரித்தார். பிறகு குருவம்மாள் திறந்த கதவுக்குள் கையை விட்டு, தட்டிலிருந்து ஒரு பிடி காயை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தாள். சிரிப்பு நின்றது. குளிர்காற்று மழைச்சாரலோடு உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் காயை ஒவ்வொன்றாக மறுபடி தட்டில் போட்டாள்.

"இந்தத் தடவை நல்ல காயி" என்றாள், யாரையும் பார்க்காமல்.

பெட்டியை முன்னறைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். "இணைய இணைப்பு இல்லை" என்றது அது.

"மத்தியாஸ், செபத்தை முடிக்கணும். இதைக் கொஞ்சம் நிறுத்தும்" என்றார் சாமியார்.

மத்தியாஸ் பெட்டியின் மேலே தொட்டார். சத்தம் கூடியது. அடியில் தடவினார். கம்பளியை மறுபடி சுற்றினார். பதினைந்து குடும்பமும் பார்த்துக்கொண்டு நின்றது. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

அப்போது உள்ளறையிலிருந்து, உரக்கக்கூட இல்லாமல், ஒரு குரல் வந்தது.

"நிலா, போதும்மா. பேசாம இரு."

அது உடனே நின்றுவிட்டது.

சாமியார் கையில் மடித்து வைத்திருந்த தாளை இன்னொரு மடிப்பு மடித்து, அங்கியின் பைக்குள் போட்டார். "அறிவிப்பு அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார்.

மத்தியாஸுக்கு யார்மீதாவது பாய வேண்டியிருந்தது. கூட்டத்தில் பிஜு தெரிந்தான்.

"எல்லாம் உன்னாலடா! கடை வச்சிருக்கான் கடை! ஸ்விட்ச் இல்லாத சாமானை எவனாவது வீட்டுக்குள்ள கொண்டுவருவானா? மஸ்கட் வெயில்ல கிடந்து சாகிற எம்பையன், அம்மா மேல உள்ள பாசத்துல எதையோ வாங்குறான். அவன் தலையில இதைக் கட்டியிருக்கியே, உனக்கு மனசாட்சி உண்டா? நாளைக்கே அவன்கிட்டச் சொல்லி உன் கடையை இழுத்து மூட வைக்கிறேன் பாரு!"

பிஜு ஓரடி முன்னால் வந்தான். உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான்.

"சேட்டா, ஸ்விட்ச் உள்ளது நாலு காட்டினேன்" என்றான். "அதொண்ணும் வேண்டாம், எங்கப்பா கையால நிறுத்த முடியாதது எதுவோ அதை எடுங்கன்னு சொல்லி, மாட்டுப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து வாங்கினது உங்க சோனா."

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் கேட்கிறவர்களுக்கு வாய் கூசாமல் இருக்கட்டும். கொடுக்கிறவர்களுக்குக் கை குறுகாமல் இருக்கட்டும். அங்கே பிறந்த பிள்ளைகள் எல்லோரும், எந்த ஊரிலிருந்து வந்தாலும், செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வருகிற வாசலாக உங்கள் வாசல் இருக்கட்டும்.